ஆள் இருக்கும் மருத்துவமனையில் ராக் கூரையைச் சரிசெய்வது எப்படி

ராக் பேனலை, அதாவது உள்ளே கம்பி வைத்த நுரைக் கான்கிரீட் பலகையை, ரிப்பேர் செய்ய முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கிலாந்து மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு வரும் நம் ஆட்கள் பலர், சாதாரண கான்கிரீட்டில் செய்து பழகியபடி உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பிக்குத் துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவை வைத்துப் பூசினால் வேலை முடிந்தது என்ற நினைப்போடுதான் வருகிறார்கள். இங்கே நாம் சரிசெய்வது பேனல் உடைந்தாலும் கீழே வராமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான். அதையும் ஒரு பக்கம் கட்டிலில் ஆள் படுத்திருக்க, இன்னொரு பக்கம் ஆபரேஷன் நடக்க, நடுவில் நின்று செய்ய வேண்டும்.

ராக் என்பது ரீஇன்ஃபோர்ஸ்டு ஆட்டோகிளேவ்டு ஏரேட்டட் கான்கிரீட் என்பதன் சுருக்கம். 1920களில் ஸ்வீடனில் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய நுரைக் கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்து வார்த்தது. சிமெண்ட், சுண்ணாம்பு, நைசாக அரைத்த மணல், தண்ணீர், அதோடு கொஞ்சம் அலுமினியப் பொடி. அலுமினியம் சுண்ணாம்போடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்ப, கலவை உப்பி எழும். அதை 180 டிகிரிக்கு மேல் அழுத்த நீராவியில் வேகவைத்து எடுப்பார்கள். ஜல்லி கிடையாது. வெட்டிப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பாகம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சாதாரண கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ என்றால் இது 400 முதல் 800 கிலோதான். அமுக்கு வலிமையும் அதே போல, சதுர மில்லிமீட்டருக்கு 2 முதல் 5 நியூட்டன். ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கும்.

(ஊரில் ஏஏசி பிளாக் வைத்து வீடு கட்டியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பொருள் ஒரே குடும்பம்தான். ஆனால் அது கம்பி இல்லாத சுவர்க்கல், தூணும் பீமும் பாரத்தை எடுத்துக்கொள்ள நடுவில் அடைத்து நிற்பது. இங்கே பேசுவது தலைக்கு மேல் பல மீட்டர் நீளத்துக்கு ஆதாரமே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை.)

பிரிட்டனில் 1950களிலிருந்து 1990கள் வரை பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை எல்லாவற்றிலும் இதைப் போட்டார்கள். 1970களில் செலவைக் குறைக்க 'பெஸ்ட் பை' என்ற பெயரில் ஒரே மாதிரி வரைபடத்தில் மருத்துவமனைகள் கட்டினார்களே, அதில் முதலில் வந்தவை பரி செயின்ட் எட்மண்ட்ஸில் உள்ள வெஸ்ட் சஃபோக், அப்புறம் ஃபிரிம்லி பார்க். இரண்டிலும் ராக் இருக்கிறது. கிங்ஸ் லின்னின் குயின் எலிசபெத், கோர்ல்ஸ்டனின் ஜேம்ஸ் பேஜட், ஹிஞ்சிங்புரூக், லெய்ட்டன், ஏர்டேல் ஆகியவற்றையும் சேர்த்து, பெரும்பகுதி ராக்கால் ஆன ஏழு மருத்துவமனைகள் புதிதாகக் கட்டித்தான் தீர வேண்டும் என்ற பட்டியலில் இருக்கின்றன. குயின் எலிசபெத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுகளின் எண்ணிக்கை 2023-இல் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. புதுக் கட்டடம் வரும்வரை பழைய கட்டடத்தில் வைத்தியம் நடந்தாக வேண்டும், இந்த வேலைக்கே காரணம் அதுதான். 2021 முதல் 2025 வரை இதற்கென்று அரசு ஒதுக்கிய தொகை 69.8 கோடி பவுண்டு.

எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண கான்கிரீட்டில் கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். ராக்கில் அந்தப் பிடிப்பு கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிக்குத் தாரோ லேடக்ஸ் சிமெண்டோ பூசியிருப்பார்கள், அதனால் அது வழுக்கும். பிடித்து நிறுத்துவதெல்லாம் பேனலின் இரு முனையிலும் குறுக்கே வெல்டு செய்த சின்னக் கம்பிகள். அந்தக் குறுக்குக் கம்பி தாங்கும் பீமுக்கு மேல் உட்கார்ந்திருந்தால் பேனல் நிற்கும். கட்டும்போது நீளம் சரியில்லை என்று யாராவது முனையை அறுத்திருந்தால் குறுக்குக் கம்பியும் அறுபட்டுப் போயிருக்கும், மேலே இருப்பது பழக்கத்தில் நிற்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டிய பேனல்கள் பெரும்பாலும் வென்ட், குழாய், ஸ்கைலைட் இவற்றைச் சுற்றித்தான் கிடைக்கும்.

முனை பீமின்மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பேரிங். இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ஸ் தன் வழிகாட்டியில் 75 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து என்கிறது. பழைய கட்டடங்களில் 40 என்று அளந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். தட்டைக் கூரை, மேலே தார் ஃபெல்ட், ஃபெல்ட்டுக்கு வயதாகிவிட்டது, ஒழுகுகிறது. ராக் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் கனம் கூடும், வலிமை குறையும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். சாதாரண கான்கிரீட்டில் துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளந்து நமக்குக் காட்டிக்கொடுக்கும். இதில் இருக்கிற ஓட்டைகள் அந்த உப்பலை வாங்கிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே கம்பி தின்னப்பட்டுப் போகலாம். பேனல் தொய்ந்தால் நடுவில் மழைநீர் தேங்கும், தேங்கினால் இன்னும் தொய்யும். ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

சத்தம் போட்டு எச்சரிக்காது என்பதையும் மனதில் வையுங்கள். 2018-இல் கென்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக் கூரை விழுந்தது வார விடுமுறையில், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுத்தம் தெரிகிற அறிகுறி கண்ணில் பட்டது விழுவதற்கு ஒரு நாள் முன்புதான். மருத்துவமனைக்கு வார விடுமுறை கிடையாது.

சீலிங்கைத் திறப்பதற்கு முன்

நேரே ஏணியை வைத்து டைலைத் தூக்காதீர்கள். இந்தக் காலத்துக் கட்டடம் என்றால் கல்நார் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ரெஜிஸ்டரைக் கேளுங்கள், அது போதாது, வேலை நடக்கும் இடத்துக்கென்று இடிப்பு மற்றும் புதுப்பிப்பு சர்வே தனியாக வேண்டும். பைப்பைச் சுற்றியிருக்கும் லேகிங் என்ற சூட்டுக் காப்பு உறை, பீமின்மேல் அடித்த பூச்சு, சில சமயம் சீலிங் டைல், இவற்றில் எல்லாம் கல்நார் இருக்கலாம்.

இன்னொன்று அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. வருஷக்கணக்கில் சீலிங்குக்கு மேல் சேர்ந்த தூசியில் அதன் வித்து இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. கீமோ எடுக்கிறவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், குறைமாதக் குழந்தை இவர்கள் மூச்சில் போனால் உயிருக்கே வினையாகும். அதனால் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸை முதல் மீட்டிங்கிலேயே உட்கார வையுங்கள். வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்துக்கு அனுப்பினால் அவர் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும்.

சர்வேயே தூசி கிளப்பும் வேலைதான். அதற்கும் சின்ன அடைப்பு வேண்டும்: தரையிலிருந்து சீலிங் வரை ஜிப் வைத்த பாலித்தீன் கூண்டு, உள்ளே ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) வைத்த காற்று உறிஞ்சி. சக்கரத்தில் தள்ளிப் போகிற மாதிரி ரெடிமேடாகவே கிடைக்கிறது, அதற்குள் ஏணி வைத்து ஒவ்வொரு டைலாகப் பார்க்கலாம்.

உள்ளே பார்க்க வேண்டியது என்ன? பேனல் பெரும்பாலும் 600 மில்லிமீட்டர் அகலம், விளிம்புகள் சாய்வாகச் செதுக்கியிருக்கும், அதனால் கீழிருந்து பார்த்தால் 600-க்கு ஒரு முறை வி வடிவக் கோடு தெரியும். அதுதான் அடையாளம். ஒவ்வொரு பேனலுக்கும் நம்பர் போடுங்கள். லேசரை வைத்து இரு முனைக்கும் நடுவுக்கும் உயர வித்தியாசம் எடுங்கள். நீளத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தொய்ந்திருந்தால், அதாவது 6 மீட்டர் பேனலில் 60 மில்லிமீட்டர், நின்று யோசிக்காமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய அளவு. முனைக்கு அருகே குறுக்கு விரிசல், ஓதம் பிடித்த கறை, பக்கத்துப் பேனலைவிட ஒன்று மட்டும் இறங்கி நிற்பது, இதையெல்லாம் போட்டோவோடு எழுதுங்கள். பேரிங்கை அளக்க முனையில் சின்ன ஓட்டை போட்டுக் கம்பி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். குறுக்குக் கம்பி எங்கே என்று கவர்மீட்டர் காட்டும். இந்த அளவெடுப்பை வைத்து முடிவு சொல்ல வேண்டியவர் ராக்கில் அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நீங்களோ நானோ இல்லை.

அவர் பேனல்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் கொடுப்பார். சிவப்பிலேயே உச்சத்தில் இருப்பது அன்றைக்கே முட்டுக் கொடுக்க வேண்டியது, இல்லையேல் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டியது. வேல்ஸில் வித்திபுஷ் மருத்துவமனையில் 2023 ஆகஸ்டில் வார்டுகளையே காலி செய்யும்படி ஆனது இப்படித்தான்.

முதலில் கூரைமேல் ஏறுங்கள் (ஆனால் நடக்காதீர்கள்)

கூரைமேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பதுதான் ஆகக் குறைந்த செலவில் கிடைக்கிற பலன். பழைய ஃபெல்ட்டின்மேல் புது ஃபெல்ட், அதன்மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேல் வெயிலுக்குச் சரளைக் கல் என்று அடுக்கியிருப்பார்கள். ஏர் கண்டிஷனர் யூனிட்டைப் பின்னால் யாரோ கொண்டுவந்து நடுப்பேனலில் வைத்திருப்பார்கள். சரளையை எடுங்கள், யூனிட்டை பீமுக்கு நேராக மாற்றுங்கள், மழைநீர்த் துவாரத்தில் அடைத்திருக்கும் இலையை எடுங்கள். ஒழுகும் இடத்தை ஒட்டுப்போட்டாவது நிறுத்துங்கள்.

ஆனால் அதே சரளையை வாரி ஓர் ஓரத்தில் குவித்து வைத்தால் முடிந்தது கதை. குவிக்காமல் உடனுக்குடன் இறக்குங்கள். ஆள் நடக்கப் பலகைப் பாதை பீமிலிருந்து பீமுக்குப் போட்டு, கூரைக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை எஸ்டேட்ஸ் ஆபீஸில் வையுங்கள். ஆண்டெனா பார்க்க வந்தேன், புறா வலை கட்ட வந்தேன் என்று ஏறுகிறவர்கள்தான் பெரிய தலைவலி. பனி விழுந்தால் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் குளிர்காலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள்.

முட்டுக் கொடுப்பது

தற்காலிக முட்டு என்பதும் ஒரு கட்டுமானம்தான். அதற்கு டிசைன் வேண்டும், பிஎஸ் 5975 என்ற பிரிட்டிஷ் தரநிலை சொல்கிறபடி தற்காலிக வேலைக்குப் பொறுப்பான ஒருவர் வேண்டும், சிடிஎம் 2015 என்ற கட்டுமானப் பாதுகாப்பு விதிப்படி பிரின்சிபல் டிசைனர், பிரின்சிபல் கான்ட்ராக்டர் எல்லாம் வேண்டும்.

ஏக்ரோ முட்டை (திருகி உயரத்தை மாற்றும் இரும்புக் குழாய் முட்டு) நேரே பேனலுக்கு அடியில் வைத்துத் திருகாதீர்கள். தகடு பேனலுக்குள்ளேயே புதையும், அவ்வளவு மென்மை. குறுக்கே ஒரு மரச்சட்டமோ அலுமினிய பீமோ ஓடி, பல பேனல்களைச் சேர்த்துத் தாங்க வேண்டும், அதற்கு அடியில்தான் முட்டு. அதைவிட முக்கியம், தொய்ந்த பேனலைத் தூக்கி நேராக்க நினைக்காதீர்கள். கம்பி பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் தூக்கினால் மேல்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். கையால் திருகி, தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு அரைச் சுற்றுகூட வேண்டாம். சாவியை நீளக் குழாய்க்குள் செருகித் திருகும் ஆளைக் கண்டால் அவரை அந்த இடத்திலிருந்து அனுப்பிவிடுங்கள்.

பாரம் முட்டு வழியாக எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். முதல் மாடித் தரையும் ராக்காக இருக்கலாம். அப்படியென்றால் அதற்கு அடியிலும் முட்டு, மண் வரை. தரை ராக் என்றால் கனமான கட்டில், நகரும் எக்ஸ்ரே, உடல் எடை மிகுந்த நோயாளி, இவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்வார்கள். அது கிளினிக்கல் டீம் எடுக்கும் முடிவு, ஆனால் எத்தனை கிலோ என்ற எண் உங்கள் பொறியாளரிடமிருந்துதான் போக வேண்டும்.

வார்டுக்குள் முட்டு வைக்கும்போது வரைபடத்தை மட்டும் பார்த்துக் குறிக்காதீர்கள். ஒரு கட்டிலை உருட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். டிரிப் ஸ்டாண்டோடு, இரண்டு பக்கமும் ஆளோடு. நெஞ்சு நின்றுபோனவருக்கு க்ராஷ் ட்ராலியோடு ஐந்தாறு பேர் ஓடிவருவார்கள், அவர்கள் கட்டிலின் தலைமாட்டுக்கு எட்ட வேண்டும். முட்டு நடுவழியில் நின்றால் அந்தக் கட்டில் இடத்தையே மூடிவிடுவது நல்லது. தீயணைப்பு வழி, கதவு திறக்கும் வட்டம், நர்ஸ் உட்காரும் இடத்திலிருந்து கட்டில் தெரிகிறதா, இவையும் அங்கேயே நின்று பார்க்க வேண்டியவை. பூச்சு இல்லாத வெறும் மரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது, அதனால் வார்டுக்குள் மரச்சட்டம் என்றால் முழுக்க மூடி அடைத்தோ பெயிண்ட் அடித்தோதான் வைக்க வேண்டும். முட்டின் ஊசியையும் திருகையும் மூடிவிடுங்கள். மனம் குழம்பிய நோயாளி ஒருவர் ராத்திரி எழுந்து அதைத் திருகிப் பார்க்க மாட்டார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நிரந்தரத் தாங்கல்: ஒவ்வொரு வார்டாக

நிரந்தரம் என்றால் புதுக் கட்டடம் வரும்வரை நிற்கக்கூடியது என்று அர்த்தம். அடிப்படையில் இரண்டு வகை. முனை மட்டும்தான் பிரச்சினை, பேனல் மற்றபடி நன்றாக, காய்ந்து, விரிசல் இல்லாமல் இருக்கிறது என்றால் பேரிங்கை நீட்டலாம். நடுவிலும் கெட்டுப்போயிருந்தால், அல்லது நம்ப முடியவில்லை என்றால், பேனல் முழுவதற்கும் அடியில் இன்னொரு சட்டகம். என்னைக் கேட்டால் முதல் வகையில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் மிச்சமே இல்லை. கொஞ்ச வருஷத்தில் கூரை ஒழுக, அதே வார்டை மறுபடி காலி செய்து அதே சீலிங்கைப் பிரிக்கத்தான் போகிறீர்கள். காலி செய்யும் செலவுதான் இரும்பின் விலையைவிடப் பெரிது.

வேலைக்கு வார்டு காலியாக வேண்டும், நோயாளிகளுக்கு இடம் வேண்டும். அதனால் பார்க்கிங்கிலோ பின்பக்கப் புல்வெளியிலோ ஒரு மாடுலர் வார்டு (ரெடிமேட் பகுதிகளை இணைத்துக் கட்டுவது) முதலில் வரும். முதல் வார்டு அங்கே போகும், காலியான இடத்தில் வேலை முடிந்ததும் அடுத்த வார்டு முதல் வார்டுக்கு நகரும், அப்படியே சுற்றி வரும். ஒரு வார்டு தாமதமானால் வரிசையே தள்ளிப்போகும். குளிர்காலத்தில் கட்டில் கிடைக்காது, எமர்ஜென்சியில் வராந்தாவரை ஆள் நிற்பார்கள், அப்போது வார்டைக் கொடு என்று கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் பெரிய துண்டுகளை வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குள் வையுங்கள்.

காலி செய்த வார்டைப் பக்கத்து வார்டிலிருந்து பிரிக்கும் சுவர் பாலித்தீன் போதாது. இரண்டு பக்கமும் போர்டு, மேலே கூரை வரை, சீலிங்குக்கு மேல் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து அடைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: கீழே சுவர் ஜோராக இருக்கும், சீலிங்குக்கு மேலே இரண்டு வார்டும் ஒரே அறையாக இருக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும்படி ஹெப்பா உறிஞ்சி ஓட வேண்டும், எந்நேரமும், ஆள் இல்லாத ராத்திரியிலும். அழுத்தம் காட்டும் மீட்டரைக் கதவுக்கு வெளியே வையுங்கள்; போகிற வருகிற நர்ஸுக்கும் தெரியட்டும், அழுத்த வித்தியாசம் குறைந்தால் எந்த நம்பருக்கு அடிப்பது என்று அதன் கீழேயே எழுதி ஒட்டுங்கள். அந்த வார்டின் வென்டிலேஷன் குழாயை மூடுவதற்கு முன் அது வேறு எங்கே போகிறது என்று குழாயோடு நடந்து பாருங்கள். ஒரே ஏர் ஹேண்ட்லிங் யூனிட் (காற்றைச் சுத்தம் செய்து அனுப்பும் இயந்திரம்) ஆபரேஷன் தியேட்டருக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கலாம்.

ராக்கை அறுத்தாலோ துளைத்தாலோ வரும் தூசியில் சிலிகா உண்டு. அனுமதித்த அளவு எட்டு மணி நேர சராசரியில் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதனால் டிரில்லோடு சேர்ந்த உறிஞ்சி, எம் கிளாஸ் என்ற தரத்தில் உள்ள தூசி வேக்குவம், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த எஃப்எஃப்பி3 தர மாஸ்க் வேண்டும். துடைப்பம் எடுத்துப் பெருக்குவது கூடவே கூடாது.

சீலிங்கைப் பிரித்தால் உள்ளே ஐம்பது வருஷச் சேர்க்கை தெரியும்: ஆக்ஸிஜன் குழாய், கேபிள் தட்டு, டக்ட், செத்துப்போன பழைய வயர், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று, பாதி ராக்கிலேயே திருகித் தொங்கும். இரும்பு போவதற்கு முன் இவை இடம் மாற வேண்டும், மெடிக்கல் கேஸ் என்றால் எச்டிஎம் 02-01 என்ற மருத்துவமனை கேஸ் குழாய் வழிகாட்டிப்படி பெர்மிட் இல்லாமல் தொடக்கூட முடியாது. நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் தண்டவாளம், தியேட்டர் விளக்கு இவை ராக்கில் தொங்கினால் அவற்றுக்குத் தனிச் சட்டகம்.

இப்போது இரும்பு. கிரேன் வராது, வராந்தாவில் கட்டில் போகிற அகலம்தான் வழி, லிஃப்டின் நீளம்தான் எல்லை. அதனால் பீமை இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாக்கி, போல்ட் போட்டு இணைக்கும்படி டிசைனரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் ஒரே நீள பீமாக வரைந்து அழகாகக் கொடுத்துவிடுவார், அதை உள்ளே கொண்டுபோக நாம்தான் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். வெல்டிங்கை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

பேரிங்கை நீட்டும் ஆங்கிளை, அதாவது எல் வடிவ இரும்புச் சட்டத்தை, எடுத்துக்கொள்வோம். அது பேனலில் பதியக் கூடாது, கீழே இருக்கும் நல்ல கான்கிரீட் பீமிலோ இரும்பு பீமிலோதான் போல்ட் ஆக வேண்டும். ராக்கில் எந்த ஃபாஸ்டனரும் நம்பிக்கைக்கு உரியதில்லை. ஆங்கிளின் படுக்கைக் கை, பேனலுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்டி உள்ளே வரவேண்டும். தாண்டாவிட்டால் வெறும் அலங்காரம். ஆங்கிளை ஏற்றிய பிறகு பேனலுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், ஏனென்றால் எந்தப் பேனலும் பக்கத்துப் பேனலின் மட்டத்தில் இல்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக அளந்து, இரும்பு ஷிம்மோ (மெல்லிய தகடு) சுருங்காத கிரௌட்டோ (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) வைத்து நிரப்ப வேண்டும். பார்ப்பவர்கள் ஆங்கிளைத்தான் பார்ப்பார்கள், வேலை செய்வது அந்த ஷிம். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் பேனல் இன்னும் பழைய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

முழுச் சட்டகம் என்றால் பீமிலிருந்து பீமுக்கு இரும்போ மரமோ குறுக்குச் சட்டங்கள், மேலே பிளைவுட் அல்லது தகடு, பேனலைத் தொட்டும் தொடாமலும். பேனல் பொடிப்பொடியாக உடைந்தாலும் தாங்கும்படி அது இருக்க வேண்டும், அதுவும் தண்ணீர் குடித்த கனத்தோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மீட்டர் நீளம், 600 அகலம், 200 கனம் என்றால் காய்ந்த பேனலே அரை டன்னை நெருங்கும், விழுகிற வேகம் அதற்கு மேல். அதனால்தான் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன். இரும்புக்குத் தீத்தடுப்பு எவ்வளவு நிமிஷம் என்பதைத் தீப்பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விரிசலில் எபாக்சி ஊசி, அடியில் கார்பன் ஃபைபர் ஒட்டுவது என்றெல்லாம் யாராவது விற்க வருவார்கள். ஒட்டும் பொருள் வலுவாக இருந்து என்ன பயன், ஒட்டப்படும் மேற்பரப்பு விரலால் சுரண்டினால் வருகிறதே. அடிப்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். மேலிருந்து வரும் தண்ணீரை உள்ளேயே பூட்டி, விரிசலையும் மறைத்துவிடும்.

சத்தம்

ஹாமர் டிரில் சத்தம் காற்றில் வருவதைவிடக் கட்டடத்தின் எலும்புக்கூடு வழியாக அதிகம் பயணிக்கும், மூன்று வார்டு தள்ளிக் காது வலிக்கும். தியேட்டர் லிஸ்டை முந்தின வாரமே வாங்குங்கள். வார்டு சிஸ்டரிடம் போய் "எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டால் மதிய ஓய்வு நேரம், டாக்டர் ரவுண்டு நேரம் எல்லாம் போக மிச்சம் நாலு மணி நேரம் சொல்வார். அதற்குள் அடங்குகிற மாதிரி டிரில் வேலையைக் குவித்துச் செய்யுங்கள். நிறுத்தச் சொல்லி யாராவது போன் செய்தால் ஏன் என்று கேட்காமல் நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். சூப்பர்வைசர் பாக்கெட்டில் மருத்துவமனை போன் ஒன்று இருப்பது போதும். தூசிக்காக ஸ்மோக் டிடெக்டருக்கு மூடி போட்டால் வேலை முடிந்ததும் எண்ணி எடுங்கள், மூடியிருக்கும் நேரம் முழுக்கத் தீக்காவலுக்கு ஆள் வையுங்கள்.

வார்டைத் திருப்பிக் கொடுப்பது

மூடியிருந்த நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும், லெஜியோனெல்லா வளர அதுவே போதும். வேலை நடக்கும்போதே வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லாக் குழாயையும் ஷவரையும் திறந்து ஓடவிட்டுக் குறித்து வையுங்கள். இதைக் கடைசி வாரத்தில் ஞாபகம் வந்து செய்தால் தண்ணீர் சோதனை முடிவுக்காக முடிந்த வார்டு பூட்டிக் கிடக்கும். அடைப்பைப் பிரிப்பதற்கு முன் உள்ளே முழுச் சுத்தம், பிரித்த பிறகு இன்னொரு சுத்தம், காற்று மாதிரி எடுக்க வேண்டுமா என்பதைத் தொற்றுக் குழு சொல்லும். கேஸ் குழாயை மறுசோதனை செய்து ஃபார்மசிஸ்ட் கையெழுத்து வாங்காமல் கட்டிலை உள்ளே விடாதீர்கள்.

சீலிங்கை மறுபடி மூடும்போது டைல் எல்லாவற்றையும் ஒட்டிவிடாதீர்கள். ஆய்வுக்கு எந்த டைலைத் தூக்க வேண்டும் என்று சின்ன வண்ணப் புள்ளி வையுங்கள், அதன் நம்பர் பேனல் நம்பரோடு பொருந்தட்டும். சட்டகம் போட்ட பிறகும் பேனல் தொய்ந்துகொண்டுதான் இருக்கும், அதன் அளவை எடுத்து பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். சுத்தம் செய்யும் அம்மாவுக்கும் போர்ட்டருக்கும் ஐந்து நிமிஷம் பேசுங்கள்: தரையில் வெள்ளைப் பொடி, புதுக்கறை, கதவு திடீரென்று இறுகுவது, மேலே 'டக்' என்ற சத்தம், எதைக் கண்டாலும் துடைத்துவிட்டுப் போகாமல் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்று. பேனலுக்கு அடியில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான், பொறியாளர் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

அந்த நம்பருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் கட்டில்களை எந்தப் பக்கம் தள்ளுவது, முட்டு எங்கே அடுக்கி வைத்திருக்கிறது, ஸ்டோர் சாவி யாரிடம், வார்டு முழுவதும் காலியானால் எந்த மருத்துவமனை எத்தனை பேரை எடுத்துக்கொள்ளும். 2023 செப்டம்பரில் ராக் இருக்கும் பள்ளிகளை மூடச் சொன்ன விவகாரம் வெடித்தபோது, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இங்கிலாந்து வெளியேற்றத் திட்டத்தைத் தயாராக வைக்கச் சொல்லி, மருத்துவமனைகளை நடத்தும் எல்லா டிரஸ்ட்டுகளுக்கும் எழுதியது. அந்தத் திட்டம் ஃபைலில் மட்டும் இருக்கிறதா, நைட் ஷிஃப்ட் சிஸ்டருக்கும் தெரியுமா என்று ஒரு நாள் ராத்திரி போய்க் கேட்டுப் பாருங்கள்.